ஏடும் சோறும் மண்ணும்

மணிமேகலைக் காப்பியத்தைப் பயில்வோர் உள்ளத்தில் என்றும் நீங்காது நிற்பது அமுதசுரபி என்னும் அருள் பாத்திரம். ஆதிரை நல்லாள் அதில் முதற்பிச்சை இட்டதும், காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப்பசி தீர்ந்ததும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியதும் தமிழறிந்தார் யாவரும் அறிந்த செய்திகள். ஆயினும் அக்காப்பியத்தில் நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடும் செய்தி ஒன்று உண்டு. பசிப்பிணி தீர்த்த அந்த நங்கையே வஞ்சி மாநகரில் பல்வேறு சமயக் கணக்கரிடம் அவரவர் கோட்பாடுகளைக் கேட்டறிகிறாள். பின்னர்க் காஞ்சியில் பஞ்சத்தால் வாடினோர்க்கு உணவளித்து, அங்கேயே அறவண அடிகளிடம் தருக்க நெறியும் கற்கிறாள். சோறிடும் கையும் ஏடு பிடிக்கும் கையும் ஒரே கையாக இருத்தல் வேண்டும் என்பது சாத்தனார் நமக்குக் காட்டும் குறிப்பு எனக் கொள்ளலாம்.

ஏடும் சோறும் இணைந்தால் போதுமா? அந்தச் சோறு விளையும் மண்ணையும் மாணவன் அறிய வேண்டாவா? இவ்வினாக்களுக்கு நம் நாடு கடந்த நூறு ஆண்டுகளில் தேடிய விடையே பள்ளி உணவின் வரலாறும் பள்ளித் தோட்டத்தின் வரலாறும் ஆகும். பிழைப்பு நாடித் திருவனந்தபுரம் வந்து, கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் தமிழர் இருக்கின்றனர்; நாம் வாழும் இந்நகரும் இருக்கின்றது.

வயலும் பள்ளியும்

இந்நகருக்குத் தெற்கே, விழிஞ்ஞத்தை அடுத்துள்ள வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யன்காளி. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்த இப்பெருமகனார், தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்க வேண்டும் என்று போராடினார். அதற்கு அவர் கைக்கொண்ட வழி வியப்புக்குரியது. பள்ளியில் இடம் தரும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர் அனைவரும் உறுதி பூண்டனர். நடவுமின்றிக் களையெடுப்புமின்றி வயல்கள் கிடந்தன. ஊருக்கெல்லாம் சோறு விளைவித்தவர் ஏட்டைத் தொடக் கூடாது. ஏட்டைக் கற்றவர் மண்ணைத் தொடமாட்டார். இந்த இரட்டைச் சுவரைத்தான் அவ்வேலைநிறுத்தம் இடித்தது. பள்ளிச் சேர்க்கைக்கு அரசாணை பிறந்த பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றமையும், அதனைப் பொறாதார் அப்பள்ளியைத் தீக்கிரையாக்கியமையும் இன்றும் இந்நாட்டார் மறவாத நிகழ்ச்சிகள்.

உடனிருந்து உண்ணலும் அக்காலத்தில் ஒரு புரட்சியாகவே இருந்தது. திருவிதாங்கூர் அரசு நெடுங்காலம் நடத்திவந்த ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பெற்றவர் பெரும்பாலும் ஒரு வகுப்பாரே. இந்நகரிலேயே, தைக்காட்டு ரெசிடென்சியில் மேற்பார்வையாளராகப் பணியாற்றிய தமிழரான தைக்காட்டு அய்யா சுவாமிகள், சாதி வேறுபாடின்றி அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார். அப்பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்தார். பிற்காலத்துப் பள்ளிக்கூடப் பந்திக்கு அது முன்னோடி என்பதில் ஐயமில்லை.

ஓர் அணாவில் தொடங்கிய அறம்

பள்ளியிலேயே உணவளிக்கும் எண்ணம் தமிழ்நாட்டில் முதன்முதலாகச் சென்னை மாநகராட்சியில் செயல் வடிவம் பெற்றது. 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது அதன் வரம்பு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. மாணவர் வருகையும் பெருகியது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கில அரசு தடை விதிக்கவே, 1925இல் திட்டம் நின்றது. உணவு வேறு, கல்வி வேறு என்று கணக்கேடு பிரித்து வைத்த பிரிவினை அது. அரசு அலுவலகத்தில் கணக்குத் தலைப்புகளோடு நாள்தோறும் மல்லாடும் எனக்கு அந்தத் தடையின் மொழி நன்கு விளங்குகிறது. தலைப்பு மாறிய தொகையைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். குழந்தையின் வயிறோ தலைப்புகளை அறியாது.

திருவிதாங்கூரில் இவ்வெண்ணம் 1940களில் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. இறக்குமதி அரிசியையே பெரிதும் நம்பியிருந்த இந்நாடு கடும் பசியைக் கண்டது. மரச்சீனிக் கிழங்கே பல்லாயிரம் குடும்பங்களைக் காத்தது. அக்காலத்தே திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி அய்யர். வஞ்சி ஏழையர் நிதி என்ற பெயரால் திரட்டிய பொருளைக் கொண்டு தொடக்கப்பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் ஏற்பாடு நடைபெற்றது. அவருடைய ஆட்சியைப் பற்றி இந்நாட்டார் கொண்டுள்ள கடுங்கருத்துகள் பல. அவற்றுக்குக் காரணங்களும் உண்டு. எனினும் இந்த ஓர் அறத்தை மறைத்தல் வரலாற்றுக்கு முறையாகாது. மணிமேகலை கல்வி தேடிச் சென்ற வஞ்சி எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பள்ளிப் பிள்ளையின் பசி தீர்க்க எழுந்த நிதிக்கு அப்பெயரே வாய்த்தது எத்துணைப் பொருத்தம்!

அந்நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ்ப் பகுதிகளும் திருவிதாங்கூர் ஆட்சியிலேயே இருந்தன என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் அவை தமிழகத்தோடு இணைந்தன. அதே 1956இல்தான் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தமிழகத்தில் மலர்ந்தது.

காமராசர் செய்தது

இத்திட்டத்துக்கு முன்னுரையாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்லுதல் இயலாது. 1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, சிற்றூர்ப் பிள்ளைகள் பாதி நாள் மட்டும் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் வீட்டில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். இது பிள்ளைகளைத் தத்தம் குலத்தொழிலுக்கே திருப்பியனுப்பும் ஏற்பாடு என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். இரண்டே ஆண்டுகளில் பள்ளிக்குள்ளேயே சோறு வந்தது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிய நேரத்தை மீட்டு, அவனைப் பள்ளியிலேயே அமர்த்தி உணவளித்தது இந்த ஆட்சி.

பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களைத் திரட்டினார். செலவில் ஒரு பங்கை ஊராரே ஏற்றனர். நெல் தந்தோரும் விறகு தந்தோரும் பாத்திரம் தந்தோரும் எண்ணற்றோர். பின்னர் வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இவ்வுணர்வின் விளைவே. 1961 முதல் கேர் நிறுவனத்தின் உதவியால் பால்மாவும் எண்ணெயும் வந்தன. அக்காலத்துக் கேரளப் பள்ளிகளில் பயின்ற என் அலுவலக நண்பர்களின் தந்தையர், அந்த மஞ்சள் சோள மாவு உப்புமாவின் மணத்தை இன்றும் கண்மூடி நினைவுகூர்கின்றனர்.

1982 ஜூலை 1ஆம் நாள், எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊரகங்கள், அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்கள், 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்கள் என அது விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது. கேரளத்தில் 1984இல் மீனவர் வாழும் 222 சிற்றூர்களின் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவு, 1985இல் எல்லா ஊர்களின் தொடக்கப்பள்ளிகளுக்கும், 1987–88இல் உயர் தொடக்க வகுப்புகளுக்கும் பரவியது. கஞ்சியும் பயறும் அதன் தொடக்க கால உணவு. 1995இல் நடுவண் அரசின் திட்டம் வந்தது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்டவழி உரிமையாக்கியது. 2022 செப்டம்பரில் தமிழகம் காலை உணவையும் தொடங்கிற்று. ஓர் அணாத் தீர்மானம் உரிமையாக வளர்வதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இவ்வரலாற்றில் என் வாழ்வும் ஒரு துளி. பொருநைக் கரைச் சிற்றூர் ஒன்றில் சத்துணவு உண்டு வளர்ந்தவன் நான். சமையல் செய்த ஆயா, வீட்டு முருங்கையில் கீரை பறித்து வரச் சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு கொத்து ஏந்திச் செல்வோம். அன்றைய சாம்பாரில் என் வீட்டுக் கீரை கிடக்கிறது என்ற பெருமிதம் சொல்லி முடியாது. ஆனால் அந்தப் பெருமிதத்தோடு ஒரு வெட்கமும் கலந்திருந்தது. அலுமினியத் தட்டைப் புத்தகங்களுக்கு அடியில் மறைத்தே எடுத்துச் செல்வேன். வெளியூர் உறவினர் வந்தால், 'பள்ளியில் சாப்பிடுவதைச் சொல்லாதே' என்பார் என் தாயார். சோறு பசியைத் தீர்த்தது. சோற்றுக்கு வரிசையில் நிற்பது இழிவு என்ற எண்ணத்தை அது மட்டும் தீர்க்கவில்லை. அவ்வெண்ணத்தைத் தீர்க்க வல்லது எது என்று பிற்காலத்தில் நான் சிந்தித்ததுண்டு. கீரைக் கொத்தோடு சென்ற நாட்களில் அவ்வெட்கம் எனக்கு இருந்ததில்லை என்பதே நான் கண்ட விடை.

பள்ளித் தோட்டம் வந்த வழி

இனித் தோட்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். அதன் தொடக்கம் இந்தியாவில் இல்லை. புலம்பெயர்ந்த தமிழரிடையே உள்ளது. 1910ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக, ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அப்பால் இருந்த 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியடிகளுக்கு ஒப்படைத்தார் காலன்பாக் என்னும் நண்பர். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் இருந்தன. பண்ணையில் வாழ்ந்த பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். போப்பையரின் நூலைக் கொண்டு தாம் அரைகுறையாகக் கற்ற தமிழை அப்பிள்ளைகளுக்கே கற்பிக்க முயன்றார் அடிகள். காலையில் பிள்ளைகள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், தோட்டம் பேணினர், சமையலுக்கும் துணை செய்தனர், பிற்பகலில் படித்தனர். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை என்பது அங்கு நிலவிய நெறி. மண்வெட்டி ஒருவர் கையிலும் பிரம்பு மற்றவர் கையிலும் இருக்கும் பள்ளியன்று அது.

அப்பண்ணையின் பட்டறிவே 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் ஆதாரக் கல்வியாக மலர்ந்தது. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அக்கல்வியை நடத்த எழுந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராகச் சேவாகிராமத்தில் பல்லாண்டுகள் உழைத்தவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். உடன் உழைத்தவர் அவர்தம் துணைவியார் ஆஷாதேவி.

நம் நகருக்கு இன்னும் அணுக்கமான ஓர் இணையரும் உளர். நெய்யாற்றின்கரை ஈன்ற காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனும், டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாரான மருத்துவர் சௌந்தரமும் 1940இல் மணம் புரிந்து, 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். மருத்துவமனையும் ஆதாரப்பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் வேளாண்மையும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. மலையாள மண்ணின் மகனும் தமிழ் மண்ணின் மகளும் கூடி எழுப்பிய அப்பள்ளி, இரு மொழியினருக்கும் உரிய செல்வம்.

எனினும் ஆதாரக் கல்வி நாடெங்கும் வேரூன்றவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை நாம் முன்னரே கண்டோம். மண்ணைத் தொடுமாறு சொல்லும் கல்வி, மண்ணை விட்டு நகரவே வழியற்றுக் கிடந்த மக்களுக்கு அச்சம் தந்தது. அவ்வச்சம் அறியாமையன்று, அய்யன்காளியின் மக்கள் பட்ட துன்பத்தின் நினைவு. ஏழைப் பிள்ளை மட்டும் களை பிடுங்க, ஏனையோர் வகுப்பறையில் அமர்ந்திருப்பார்களாயின் அது தோட்டக் கல்வியாகாது. பழைய சுவரே மீண்டும் எழுந்ததாகும். எல்லாப் பிள்ளைகளும் தோண்டி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்டால் மட்டுமே அது கல்வி.

பாத்தியில் விளையும் பாடம்

இன்று அரசு விதிகளின்படி தொடக்கப்பள்ளி மாணவர்க்கு நாள்தோறும் 450 கலோரி ஆற்றலும் 12 கிராம் புரதமும் தரும் உணவு வேண்டும். அதில் அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம். உயர் தொடக்க வகுப்பினர்க்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும். கேரளத்தில் பாலும் முட்டையும் இதனோடு சேரும். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்குமாறு 2019இல் நடுவண் அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருநூறு பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு, தலைக்கு 50 கிராம் வீதம் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ காய்கறி தேவை. நான்கு பாத்திக் கீரை இதற்கு எவ்வாறு போதும்? போதாதுதான். பள்ளித் தோட்டத்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பவர் அதனை வீண் என்றே கூறுவர். அது உக்கிராணத்தை நிரப்ப வந்ததன்று. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய கீரையைத் தானே விதைத்த பிள்ளை ஒதுக்காது. பாத்தியின் நீள அகலம் கணக்குப் பாடம்; மண்புழுவும் மழையளவும் அறிவியல் பாடம். கீரையின் இரும்புச் சத்து உடலிற் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை செய்யும் என்பதும், வைட்டமின் ஏ தரும் சத்து உடலில் ஏறச் சிறிது எண்ணெய் வேண்டும் என்பதும் சமையற்கட்டிலேயே கற்கக்கூடிய பாடங்கள். ஜப்பான் நாடு 2005இல் உணவுக் கல்விக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே பிள்ளைகளே உணவைப் பரிமாறி, தாமே இடத்தைத் துப்புரவும் செய்கின்றனர்.

என் மகள் இந்நகரின் உதவி பெறும் பள்ளி ஒன்றில் பயில்கிறாள். அவளைப் பள்ளிப் பந்தியில் உண்ண விடுவதா, வீட்டுச் சோறு கட்டித் தருவதா என்று எங்கள் வீட்டில் சில நாட்கள் பேச்சு நடந்தது. 'நமக்கென்ன குறை? இல்லாதவர்களுக்கு உரியதை நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?' என்றார் என் மனைவியார். நல்லெண்ணத்தில் எழுந்த கேள்விதான் அது. 'இருப்பவர் பிள்ளைகள் எழுந்து போய்விட்டால் அந்தப் பந்தி இல்லாதவர் பந்தியாகிவிடும். நான் தட்டை மறைத்தது அதனால்தான்' என்றேன். மறுவாரம் முதல் மகள் பள்ளியிலேயே உண்டு வருகிறாள்.

அப்பள்ளியின் பின்புறம் சிறு தோட்டம் ஒன்று உண்டு. ஒரு நாள் மாலை அவள் மண் படிந்த நகங்களோடு வந்து, 'அப்பா, இன்று வழுதனங்ங நட்டோம். தமிழில் அதற்கு என்ன பெயர்?' என்று கேட்டாள். கத்தரிக்காய் என்றேன். அருகிலிருந்த என் மாமியார் நாஞ்சில் நாட்டவர். 'நாங்கள் வழுதலங்காய் என்போம்' என்றார். வழுதுணங்காய் என்னும் அச்சொல் ஔவையார் தனிப்பாடலிலும் பயிலும் பழந்தமிழ்ச் சொல் அன்றோ! நம் பேச்சில் மங்கிய சொல் ஒன்று, மலையாளப் பள்ளியின் பாத்தி வழியே எங்கள் வீட்டுக்கு மீண்டு வந்தது. நாகர்கோயிலிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் குவியும் காய்கறியை இத்தனை ஆண்டுகள் வாங்கியும் நான் பெறாத சொல் அது.

தமிழ்ப் பெருமக்களே! நம்முள் பெரும்பாலோர் மாற்றலில் வந்தவர். வாடகை வீட்டில் வாழ்பவர். ஒரு முருங்கை நடவும் சொந்த மண் இல்லாதவர். நம் பிள்ளைகளுக்கு மண் கிடைக்கும் இடம் பள்ளி ஒன்றே. ஆதலின் நம்மால் இயன்ற சிறு செயல்கள் சில உள. பள்ளிப் பந்தியில் நம் பிள்ளைகளையும் அமர்த்துவோம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் உணவைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் கேட்டறிவோம். ஊருக்குச் சென்று திரும்பும்போது அகத்தி விதையோ அவரை விதையோ ஒரு பிடி கொணர்ந்து ஆசிரியரிடம் தருவோம்.

அமுதசுரபி தானே நிறைந்ததன்று. ஆதிரை என்னும் இல்லத்தரசி முதற்பிச்சை இட்ட பின்னரே அது அள்ள அள்ளக் குறையாததாயிற்று. தியாகராயரும் காமராசரும் எம்.ஜி.ஆரும் வஞ்சி ஏழையர் நிதிக்குப் பொருள் தந்த பெயரறியாப் பெருமக்களும் தத்தம் பங்கை இட்டுச் சென்றனர். இனி நாம் இட வேண்டிய பங்கு பெரிதன்று; ஒரு பிடி விதையும், பந்தியில் நம் பிள்ளைக்கு ஓர் இடமுமே.